ரேடியோ செட்காரர் மகனுக்கு ஒரு நன்றி மடல்

என் இசைத்தட்டுகள் தண்ணீரில் நனைந்துபோன அந்த இரவு நடந்தது எங்கள் அடுக்குமாடி புளோக்கில் எல்லாருக்கும் தெரியும். திரும்பச் சொல்லத் தெம்பில்லை. நான்கு நாளாகியும் நனைந்த அட்டை வாசம் கையை விட்டுப் போகவில்லை. அது போவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எதிர்வீட்டுச் சீன அக்கா மூன்று மின்விசிறி கொண்டுவந்தார். தங்கள் வீட்டுக் கூரையே சொட்டிக்கொண்டிருக்க, கீழ்வீட்டு மலாய்க் குடும்பம் எங்களுக்கு நாசி லெமாக் கட்டிக் கொடுத்தது. அக்கா மகன் காய்ச்சி வடித்த தண்ணீருக்குக் கடை கடையாக அலைந்தான். குழாய்த் தண்ணீரில் கழுவினால் தட்டின் வரிப்பள்ளத்தில் உப்பு தங்கிவிடும். அடெல்ஃபி கடைத்தொகுதியில் தெரிந்த கடைக்காரர் தட்டுகளுக்குப் புது உள்ளுறைகள் கொடுத்துக் காசு வாங்க மறுத்தார். எல்லாருக்கும் என் கைகூப்பு.

ஆனால் இந்த மடல் எங்கள் புளோக்கைத் துப்புரவு செய்யும் புதுக்கோட்டைத் தம்பிக்கு.

தம்பி, மின்தூக்கி முன்னால் தேங்கிய தண்ணீரைத் தள்ளுவதோடு உங்கள் வேலை முடிந்தது. நான் புளோக்கின் அடியில் திறந்து கிடக்கும் வெற்றுத்தளத்துக் கல்மேசையில் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தேன். ஐம்பது வருடம் ராக் தட்டு சேர்த்தவனுக்கு அது தப்பென்று தெரியும். அன்று புத்தி ஓடவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வந்தீர்கள்.

"படுக்க வைக்காதீங்கண்ணே, நெளிஞ்சிரும். நிமித்தி வைங்க. எங்கப்பா ஊர்ல விசேஷத்துக்குத் தட்டு ஓட்டி ரேடியோ செட் போட்டவரு."

தட்டின் ஓரத்தையும் நடு லேபிளையும் தவிர வேறெங்கும் உங்கள் விரல் படவில்லை. அட்டைகளுக்கு நடுவில் வைக்கச் செய்தித்தாள் கட்டை நீட்டினேன். "வேணாம்ணே, மை ஒட்டிக்கும்" என்று வெள்ளைத் தாள் கேட்டீர்கள். விடியும்வரை உட்கார்ந்தீர்கள்.

நனைந்தவற்றில் ஒன்று, லெட் செப்பெலின் என்ற ஆங்கில ராக் குழுவின் 'ஃபிசிக்கல் கிராஃபிட்டி'. 1975-இல் வந்த இரட்டைத் தட்டு. அட்டையில் நியூயார்க் அடுக்குமாடி ஒன்றின் படம். ஜன்னல்களெல்லாம் வெட்டிவிடப்பட்டு, உள்ளுறையின் படங்கள் அவற்றின் வழியே தெரியும். ஊறிப்போன அந்த ஜன்னல்கள் உள்ளுறையோடு ஒட்டத் தொடங்கியிருந்தன. தாளைச் சிறு துண்டுகளாகக் கிழித்து ஒவ்வொரு ஜன்னலுக்கும் பின்னால் செருகினீர்களே, அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

அது என் அண்ணன் வாங்கித் தந்தது. 1972-இல் முடி நீளமென்று அதிகாரிகள் தடுத்து, அந்தக் குழுவின் சிங்கப்பூர்க் கச்சேரி நடக்காமல் போனபோது அண்ணன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அவர் போன பிறகு அந்தத் தட்டை நான் போட்டதே இல்லை. அலமாரியில் இருந்தால் போதும் என்றிருந்தேன்.

நேற்று போட்டேன். முதல் தட்டு, இரண்டாம் பக்கம், கடைசிப் பாட்டு 'காஷ்மீர்'. டிரம்ஸ் நாலு நாலாக நடக்க, அதன்மேல் கித்தார் மூன்று மூன்றாகச் சுற்றிவரும். இரண்டும் விலகி விலகிப் போய் ஓரிடத்தில் கூடும். பதின்மூன்று வயதில் அண்ணன் என் தொடையில் தட்டித்தான் அதை விளக்கினார். நேற்று என் கை தானாகத் தொடையில் தட்டியது. ஒரு கீறல் சத்தம்கூட இல்லை, தம்பி.

இனி எந்தத் தட்டையும் பூட்டி வைக்கமாட்டேன். ஞாயிறு உங்களுக்கு ஓய்வு நாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுங்கள். இரண்டாம் தட்டை நான் இன்னும் போடவில்லை. ஊசியை நீங்கள்தான் வைக்க வேண்டும்.