அந்தப் 'பழைய ஊழியர்' எழுதுகிறேன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வங்கிகள் கணினிமயமான கதையை ஆறு பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். படங்கள் பிரமாதம். கோட்டு சூட்டோடு நிற்கும் பெரியவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். கவுண்டரில் உட்கார்ந்த ஓர் ஆளைக் காணோம். அது போகட்டும். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: "பழைய ஊழியர்களின் எதிர்ப்பை மீறித் தலைமை இந்த மாற்றத்தைச் சாதித்தது." அதைப் படித்த பிறகு அன்றைக்குக் காபி இறங்கவில்லை. அந்தப் பழைய ஊழியர்களில் நானும் ஒருவன். 1979-இல் ஓர் அரசு வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, 2017-இல் மாலையும் சால்வையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவன்.

எதிர்க்கவே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். எண்பதுகளில் வாயிற்கூட்டத்தில் தொண்டை கட்டும்வரை கத்தியிருக்கிறேன். வேலை போய்விடும் என்று பயம், வேறென்ன. ஆனால் கத்திவிட்டு நாங்கள் என்ன செய்தோம் என்பது தங்களுக்குத் தெரியாததா? 1983-இலேயே கணினி விஷயமாகச் சங்கங்கள் வங்கி நிர்வாகங்களோடு ஒப்பந்தம் போட்டாயிற்று. மறுவருஷம், வங்கிகளைக் கணினிமயமாக்குவது பற்றி ரிசர்வ் வங்கி அமைத்த ரங்கராஜன் குழுவின் அறிக்கை. பிறகு 1987, 1993 என்று இன்னும் இரண்டு ஒப்பந்தம். எந்தக் கிளைக்கு மிஷின், எந்தெந்த வேலைக்கு என்பதெல்லாம் உட்கார்ந்து பேசி முடிவானது. எங்கள் கிளைக்கு ஏஎல்பிஎம், அதாவது லெட்ஜரில் வரவு செலவு பதிகிற மிஷின், வந்த அன்று அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்ததே சங்கச் செயலாளர்தான். ஒரு ரூபாய் வித்தியாசத்துக்காக ராத்திரி பத்து மணிவரை லெட்ஜர் பேலன்ஸ் பார்த்தவனுக்கு, கூட்டிக் கொடுக்கிற மிஷின் மேல் என்ன பகை?

மனக்கசப்பு வந்தது கோர் பேங்கிங்கோடு, அதாவது எல்லாக் கிளைக் கணக்குகளையும் ஒரே மையக் கணினியில் இணைத்த ஏற்பாட்டோடு. அதற்குச் சற்று முன்னால், 2000-01-இல், விருப்ப ஓய்வு என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பொதுத்துறை வங்கிகளிலிருந்து சுமார் ஒரு லட்சம் பேர் வெளியேறினார்கள். லெட்ஜரை மனப்பாடமாக வைத்திருந்தவர்களை முதலில் அனுப்பிவிட்டு, அப்புறம் லெட்ஜரைக் கணினிக்கு மாற்றுவது என்ன வகைத் திட்டம் என்பதை உங்கள் கட்டுரையாளர்தான் விளக்க வேண்டும். அவர் எம்பிஏ படித்தவர் என்று போட்டிருந்தது.

எங்கள் கிளை 2006-இல் மாறியது. எங்களுக்கு மூன்று நாள் பயிற்சி. திரையில் படம் காட்டினார்கள், தொட்டுப் பார்க்க ஒரு கணினி இல்லை. வாடிக்கையாளர் விவரங்களை ஏற்ற ஒப்பந்தத்தில் பையன்கள் வந்தார்கள். பாவம், ராத்திரியெல்லாம் தட்டினார்கள். மென்பொருளில் பெயருக்கு இரண்டு கட்டம், இரண்டாவது குடும்பப் பெயர். அதைக் காலியாக விட்டால் அடுத்த பக்கத்துக்கே போகாது. எங்கள் ஊரில் யாருக்கய்யா குடும்பப் பெயர்? இனிஷியல்தானே உண்டு! பையன்கள் ஒருவருக்கு அப்பா பெயரைப் போட்டார்கள், இன்னொருவருக்கு ஊர்ப் பெயரை, வேறொருவருக்கு வெறும் புள்ளி. கணவர் பெயரையே கணக்குப் பெயராக்கிவிட்ட கதையும் உண்டு. இது பின்னால் வில்லங்கமாகும் என்று நான் மேனேஜர் வழியாக மண்டல அலுவலகத்துக்கு இரண்டு கடிதம் எழுதினேன். முதலாவதற்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு, "மாற்றத்துக்கு ஒத்துழைக்கவும்" என்று ஒரே வரி.

2015-இல் கேஸ் மானியம் வங்கிக் கணக்குக்கு வரத் தொடங்கியதும் அந்தப் புள்ளிகளெல்லாம் கவுண்டருக்கு எதிரே வரிசையில் வந்து நின்றன. ஆதாரில் ஒரு பெயர், பாஸ்புக்கில் ஒரு பெயர். பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "நான்தான் சார் நான்" என்று ஓர் அம்மா அழுதார். அவரை இருபது வருஷமாக எனக்குத் தெரியும். கணினிக்குத் தெரியாது. லெட்ஜரின் ஓரத்தில் பென்சிலால் "கை நடுக்கம், கையெழுத்து மாறும், ஆளைப் பார்த்துக் கொடுக்கவும்" என்று நாங்கள் எழுதி வைப்போம். அதை ஏற்ற கட்டமே கிடையாது. என் சொந்த நோட்டில் அந்தக் குறிப்புகளை எழுதி வைத்ததற்கு எனக்கு மெமோ கொடுத்தார்கள். அதுவும் 'எதிர்ப்பு'க் கணக்கில்தான் சேர்ந்திருக்கும்.

வெளிநாட்டு உதாரணமெல்லாம் கொடுத்த கட்டுரையாளர் டிஎஸ்பியை மட்டும் ஏன் விட்டார்? போலீஸ்காரர் இல்லை, TSB என்று இங்கிலாந்தில் உள்ள ஒரு வங்கி. 2018 ஏப்ரலில் ஒரே வாரக்கடைசியில் 52 லட்சம் வாடிக்கையாளர்களைப் புதிய மென்பொருளுக்கு மாற்றினார்கள். 19 லட்சம் பேர்வரை தங்கள் கணக்குக்குள்ளேயே போக முடியவில்லை. இரண்டு டேட்டா சென்டரில் ஒன்றை மட்டும் சோதித்துப் பார்த்துவிட்டு இறங்கியிருக்கிறார்கள் என்று பின்னால் விசாரணையில் வந்தது. தலைமை அதிகாரி அந்த வருஷமே பதவி விலகினார். 2022-இல் வங்கிக்கு 4.86 கோடி பவுண்டு அபராதம். அதோடு விடவில்லை. தகவல் தொழில்நுட்பத்துக்குத் தலைவராக இருந்தவருக்கும் 2023-இல் தனியாக 81,620 பவுண்டு. அங்கே தப்பு மேலே ஏறிப் போயிருக்கிறது. எங்கள் கிளையில் அது படியிறங்கி வந்து, கேஷ் கவுண்டரில் உட்கார்ந்தது.

கோபத்தில் நீட்டி முழக்கிவிட்டேன், மன்னிக்கவும். தாங்கள் மறுப்புப் போட வேண்டும், வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்றெல்லாம் கேட்கவில்லை. ஒரு சின்ன வேண்டுகோள் மட்டும். உங்கள் சந்தாப் பிரிவையும் சமீபத்தில் புதிய மென்பொருளுக்கு மாற்றியிருக்கிறீர்கள் போலிருக்கிறது. புதுப்பிக்கும்போது குடும்பப் பெயர் கட்டாயம் என்றது. வேறு வழியில்லாமல் அப்பா பெயரைப் போட்டேன். கடந்த மூன்று மாதமாக உங்கள் இதழ் அவர் பெயருக்கே வருகிறது. அவர் 1987-இல் காலமாகிவிட்டார். தபால்காரர் புதியவர், போன வாரம் "பெரியவர் இல்லையா?" என்று கேட்டார். என் மனைவி உள்ளே போய்விட்டாள்.

சந்தா எண்ணை உறையின் பின்புறம் எழுதியிருக்கிறேன். இனிஷியலோடு என் பெயரும் அங்கேயே இருக்கிறது. அடுத்த இதழையாவது அந்தப் பெயருக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
முப்பத்தோரு வருஷச் சந்தாதாரர்,
விருதுநகர்.