திருப்பலி செல்லுமா என்ற ஐயம் குறித்துப் பங்கு மக்களுக்கு

ஆண்டவரில் அன்புள்ள சகோதர சகோதரிகளே,

குருவானவரின் வாழ்வில் குறை இருந்தால் அவர் நிறைவேற்றும் திருப்பலி செல்லுமா என்று நம் குழுவில் எழுந்த கேள்விக்குத் திருச்சபை எப்போதோ விடையளித்துவிட்டது. வட ஆப்பிரிக்காவில் தொனாத்துவாதிகள் என்ற பிரிவினைக் குழுவினர் இதே ஐயத்தைக் கிளப்பியபோது, எவர் கை நீர் ஊற்றினாலும் திருமுழுக்கு அளிப்பவர் கிறிஸ்துவே என்று புனித அகுஸ்தினார் வாதிட்டார். 1547 மார்ச்சில் திரெந்து நகரில் கூடிய ஆயர்களின் பொதுச்சங்கம், சாவான பாவத்தில் (கடவுளின் அருளை இழக்கச் செய்யும் பெரும் பாவத்தில்) இருக்கும் பணியாளரும் இன்றியமையாதவற்றை முறைப்படி செய்தால் அருளடையாளம் (திருமுழுக்கு, திருப்பலி போன்ற திருச்சடங்கு) உண்மையாகவே நிறைவேறுகிறது என்று வரையறுத்தது. அவருடைய பாவம் அவரைச் சாரும். நமக்கு வரும் அருளை அது தடுக்காது. சாகும் தறுவாயிலுள்ள குழந்தைக்குத் திருச்சபையின் கருத்தோடு மூவொரு கடவுளின் பெயரால் தண்ணீர் ஊற்றும் செவிலியர் கிறிஸ்தவராக இல்லாவிட்டாலும், அந்தத் திருமுழுக்கு செல்லும்.

நம் நற்செயல்களுக்குக் கடவுள் தரும் பேறுபலன் வேறு; அது செய்பவரின் நிலையைச் சார்ந்தது. ஓரியூர் புனித அருளானந்தர் திருத்தலத்துக்கு வெயிலில் நடந்து செல்வதும், தவக்கால நோன்பும், கடலில் கணவரை இழந்த குடும்பத்துக்கு அரிசி கொடுப்பதும், சாவான பாவமின்றி அருள்நிலையில் அன்போடு செய்யப்படும்போதே விண்ணகப் பேறு தருகின்றன. அந்தப் பேறும் கடவுளின் கொடையே, கணக்குக் காட்டி வாங்கும் கூலி அன்று. ஆகவே அருள்நிலையில் இருக்கும்படி, நேர்ச்சை செலுத்துமுன் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்யுமாறு மனமார வேண்டுகிறேன்.

மேலும் ஐயமிருப்பின் ஞாயிறு திருப்பலிக்குப் பின் நேரில் கேளுங்கள். எந்தக் குருவானவரின் பெயரையும் குறிப்பிட்டு இங்கே எழுத வேண்டாம்.