கார் கடன் இழப்பீடும் எதிர்ப்பக்க விளம்பரமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கார் கடனில் மறைக்கப்பட்ட கமிஷனுக்கான இழப்பீடு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிரித்தானியாவில் இருக்கும் நம்மவர்களுக்குத் தேவையான செய்திதான். ஆனால் அதன் எதிர்ப்பக்கம் முழுவதையும் இழப்பீடு பெற்றுத் தரும் முகவர் நிறுவனம் ஒன்றின் விளம்பரம் பிடித்திருந்தது. கட்டுரையிலோ, இந்தப் பணத்தை எந்த முகவரும் இல்லாமல், ஒரு பென்னி செலவில்லாமல் நாமே கேட்டுப் பெறலாம் என்ற வரி எங்குமே இல்லை. தற்செயலாக விடுபட்டது என்றே வைத்துக்கொள்கிறேன். அதனால் யாருக்கு லாபம் என்பது உங்களுக்கும் தெரியும்.

கட்டுரையில் ஒரு தவறும் இருக்கிறது. கடனில் கார் எடுத்த எல்லோருக்கும் பணம் வரும் என்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. 2021 ஜனவரி 28ஆம் தேதி தடை செய்யப்படும் வரை, பல கடன் நிறுவனங்கள் ஒரு வரம்புக்குள் வட்டி வீதத்தை முடிவு செய்யும் உரிமையைக் கார் விற்பவரிடமே விட்டிருந்தன. அவர் வட்டியைக் கூட்டினால் அவருடைய கமிஷனும் கூடும். காப்பி கொடுத்து உட்காரவைத்து, கணினியைத் தட்டிக்கொண்டே, "உங்களுக்கு நல்ல வட்டியாகப் பார்க்கிறேன்" என்று சொன்னவர் எந்தப் பக்கம் நின்று பார்த்தார் என்பது இப்போது புரிகிறது. ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில் "தரகருக்குக் கமிஷன் வழங்கப்படலாம்" என்று ஒரு வரி இருக்கும். எவ்வளவு, எந்தக் கணக்கில் என்பது இருக்காது.

2024 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வாடிக்கையாளர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னபோது, எல்லா மறைமுகக் கமிஷனுக்கும் வழக்குப் போடலாம் என்ற பேச்சு கிளம்பியது. 2025 ஆகஸ்ட் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதைப் பெரிதும் குறுக்கிவிட்டது. கார் விற்பவர் தன் லாபத்துக்காக வியாபாரம் செய்பவர், வாங்குபவரின் நலனைக் காக்கும் கடமை அவருக்கு இல்லை என்றது. எனக்கு அதில் பெரிய குறை தெரியவில்லை. விலை பேசி வாங்கிப் பழகிய நமக்கு இது நீதிபதி சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அதன் முன் வந்த மூன்று வழக்குகளில் ஒன்றில் மட்டும், 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டப்படி அந்தக் கடன் உறவே நியாயமற்றது என்று நீதிமன்றம் கண்டது. பழைய கார் ஒன்றுக்கு எடுத்த கடன் அது. கமிஷன் 1,650 பவுண்ட், அதாவது கடன் தொகையில் கால்வாசி. வட்டியும் கட்டணமுமாக வாங்கியவர் தலையில் விழுந்த செலவில் 55 சதவீதம். போதாக்குறைக்கு, அந்த விற்பனையாளர் குறிப்பிட்ட கடன் நிறுவனத்துக்கு முதல் வாய்ப்புக் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்ததும் மறைக்கப்பட்டிருந்தது. விற்பவரே வட்டியைக் கூட்டக்கூடியதாக இருந்த கடன்களுக்கும் இத்தகைய கடன்களுக்கும்தான் இழப்பீடு.

எஃப்.சி.ஏ. எனப்படும் நிதி நடத்தை ஆணையம் 2025 அக்டோபரில் முன்வைத்த திட்டம் 2007 ஏப்ரல் 6 முதல் 2024 நவம்பர் 1 வரையிலான ஒப்பந்தங்களைப் பார்க்கிறது. தவணைக் கொள்முதலும், கடைசியில் பெருந்தொகை கட்டினால் கார் நம்முடையதாகும் பி.சி.பி. முறையும் இதில் அடங்கும். வெறும் வாடகைக்கு எடுத்த கார் அடங்காது. ஓர் ஒப்பந்தத்துக்குச் சராசரியாக 700 பவுண்ட் அளவில் கிடைக்கலாம் என்பது ஆணையத்தின் அப்போதைய மதிப்பீடு. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்ட "ஆயிரக்கணக்கான பவுண்ட்" எங்கிருந்து வந்தது என்று அந்த நிறுவனத்தைத்தான் கேட்க வேண்டும்.

அந்த 700 பவுண்டையே எடுத்துக்கொள்வோம். இந்த அளவுத் தொகைக்கு முகவர் 30 சதவீதம் வரை கட்டணம் வாங்க விதி இடம் கொடுக்கிறது. 210 பவுண்ட் போயிற்று. அதன்மேல் வாட் வரி 42. கைக்கு வருவது 448. இதற்கு அவர்கள் செய்யும் வேலையின் பெரும்பகுதி, நீங்கள் எழுதக்கூடிய அதே கடிதத்தை உங்கள் பெயரைப் போட்டு அனுப்புவதுதான். கடனோடு தவறாக விற்கப்பட்ட பி.பி.ஐ. காப்பீட்டுக்கு இழப்பீடு கொடுத்த காலத்தில் இரவு பகல் பாராமல் வந்த தொலைபேசி அழைப்புகளை நாம் இவ்வளவு சீக்கிரம் மறந்திருக்க வேண்டாம்.

அந்தக் கடிதம் அரைப் பக்கம்கூட வராது. காரை விற்ற கடைக்கு அல்ல, கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத வேண்டும். பெயர், பிறந்த தேதி, கடன் எடுத்தபோது இருந்த முகவரி, தெரிந்தால் காரின் பதிவு எண், ஏறக்குறைய எந்த ஆண்டு. பிறகு இரண்டு கேள்விகள்: என் கடனுக்குக் கமிஷன் கொடுக்கப்பட்டதா? வட்டியைக் கூட்டிக் குறைக்கும் உரிமை விற்பனையாளருக்கு இருந்ததா? ஒப்பந்தத் தாள் தொலைந்திருந்தாலும் புகார் செய்யலாம். எந்த நிறுவனம் என்பதே மறந்துவிட்டால், பழைய வங்கிக் கணக்கு அறிக்கையில் மாதத் தவணை யாருக்குப் போனது என்று பார்த்தால் போதும். எட்டு வாரத்தில் முடிவான பதில் தர வேண்டும் என்ற வழக்கமான விதியை 2024 ஜனவரியிலேயே ஆணையம் இந்தப் புகார்களுக்குத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. பதில் வரத் தாமதமானாலும் முகவரைத் தேடி ஓட வேண்டியதில்லை. நிறுவனத்தின் முடிவு சரியில்லை என்று தோன்றினால் நிதிக் குறைகேள் அலுவலகம் இருக்கிறது. அதுவும் இலவசம்.

நம்மிடையே மட்டும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் சிக்கல் ஒன்றையும் சொல்ல வேண்டும். புதிதாக வந்தவருக்குக் கடன் வரலாறு இருக்காது. மச்சான் பெயரிலோ பெரியப்பா மகன் பெயரிலோ கார் எடுத்திருப்பார்கள். தவணை கட்டியவர் ஒருவர், கையெழுத்துப் போட்டவர் இன்னொருவர். புகார் செய்யும் உரிமை கையெழுத்துப் போட்டவருக்குத்தான், காசோலையும் அவர் பெயருக்குத்தான் வரும். இதை இப்போதே வீட்டுக்குள் பேசி முடிப்பது நல்லது; பணம் வந்த பிறகு பேச ஆரம்பித்தால் அடுத்த கல்யாணத்தில் இரண்டு குடும்பமும் ஒரே மேசையில் உட்காராது.

"உங்கள் இழப்பீடு தயார், வங்கி விவரம் சொல்லுங்கள்" என்று யாராவது அழைத்தால், கடன் நிறுவனத்தின் பெயரைச் சொன்னாலும் துண்டித்துவிடுங்கள். மோசடிக்காரர்கள் இப்படிக் கிளம்பியிருப்பதாக ஆணையமே எச்சரித்திருக்கிறது.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. அடுத்த இதழில் அந்த மாதிரிக் கடிதத்தை ஆங்கிலத்தில் அப்படியே அச்சிட்டு, எந்த இடத்தில் எதை நிரப்ப வேண்டும் என்று தமிழில் விளக்குங்கள். ஆங்கிலம் தடுமாறும் வயதானவர்கள்தான் முகவர் நீட்டும் படிவத்தில் முதலில் கையெழுத்துப் போடுகிறார்கள். விளம்பரம் போடாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், பத்திரிகை நடத்தும் செலவு எனக்கும் தெரியும். ஆனால் அத்தகைய விளம்பரத்தின் கீழ், இதை நீங்களே இலவசமாகச் செய்யலாம் என்று படிக்கக்கூடிய எழுத்தில் தமிழில் போடுங்கள்.

அந்த விளம்பரத்தைப் பார்த்து ஏற்கெனவே கையெழுத்திட்டவர்கள் தேதியைப் பார்க்கட்டும். பதினான்கு நாள் ஆகவில்லை என்றால் கட்டணம் இல்லாமல் விலகிவிடலாம். ஆகிவிட்டது என்றால், விலக எவ்வளவு கேட்பார்கள் என்பதை எழுத்தில் வாங்காமல் இரண்டாவது நிறுவனத்திடம் போக வேண்டாம்; இரண்டு பேருமே கட்டணம் கேட்கக்கூடும்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகர்,
ஹரோ, லண்டன்