கெண்டைக்காலில் கத்தி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலடியில் சிக்கிக் கிடக்கும் பழைய வலைகளை அகற்றும் இளைஞர்களின் படத்தைச் சென்ற ஞாயிறு வெளியிட்டிருந்தீர்கள். அவர்கள் செய்வது எங்கள் கடலுக்குப் பெரிய உதவி. ஆனால் முன்னால் நீந்தும் தம்பியின் கெண்டைக்காலில் ஒரு நீளக் கத்தி. வயிற்றுக்குக் கீழே, சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்றழுத்தத்தைக் காட்டும் பிரஷர் கேஜும் டார்ச்சும் தொங்குகின்றன. அதைப் பார்த்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் தூத்துக்குடிக்காரன். பன்னிரண்டு ஆண்டுகளாக ஸ்கூபா சிலிண்டருடன் கடலில் இறங்குகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு 14 மீட்டர் ஆழத்தில், ஒரு பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், மாட்டியிருந்த தங்கூசி (ஒற்றை இழை நைலான்) வலையை அறுத்துக்கொண்டிருந்தேன். நீவாடு (கடல் நீரோட்டம்) திரும்பியதும் வலையின் தளர்ந்த பகுதி பின்னாலிருந்து வந்து சிலிண்டர் வால்வில் மாட்டிக்கொண்டது. தங்கூசி தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது. இழுத்த பிறகுதான் மாட்டியது தெரிந்தது. கத்தியை அப்போதுதான் காலில் உறைக்குள் செருகியிருந்தேன். குனிந்தேன். உறையின் வாரிலும் வலை. எப்படியோ உருவிய கத்தி கையுறையிலிருந்து நழுவிப் பாறை இடுக்கில் விழுந்தது. இரண்டு முழம் தள்ளிப் பளபளத்தது. எட்டவில்லை.

அந்த ஆழத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே செலவாவதைப்போல் 2.4 மடங்கு காற்று தீரும். பதற்றத்தில் மூச்சும் வேகமெடுக்கும். தண்ணீர் கலங்கலாக இருந்ததால் வலையின் மறுமுனையில் இருந்த கூட்டாளிக்கு என் நிலை தெரியவில்லை. அவர் வந்து சேர்ந்தபோது கேஜின் முள் 90-லிருந்து 50-க்கு இறங்கியிருந்தது. ஆம்புலன்ஸில் துணி வெட்ட வைத்திருப்பார்களே, முனை மழுங்கிய கத்திரி, அதனால்தான் என்னை விடுவித்தார். அது அவர் நெஞ்சுப் பட்டையில், கயிற்றோடு கட்டப்பட்டிருந்தது.

கத்தியால் அறுக்க நூலை இன்னொரு கையால் இழுத்துப் பிடிக்க வேண்டும். கத்திரிக்கு ஒரு கை போதும். சீட் பெல்ட் அறுப்பானைப் போன்ற கொக்கிப் பிளேடும் மெல்லிய நூலுக்கு நல்லது; ஆனால் தடித்த கயிறு அதன் வாய்க்குள் நுழையாது. ஆகவே இரண்டு கருவிகள் வேண்டும். இரண்டும் நெஞ்சிலோ இடுப்புப் பட்டையிலோ, எந்தக் கை சிக்கினாலும் மற்றக் கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும்.

இரண்டையும் கட்டியும் வைக்க வேண்டும். கை முழுதாக நீளும் அளவுக்குக் கயிறு இருந்தால் போதும். மிச்சத்தை மடித்து, பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி அதற்குள் செருகிவிடலாம். தொங்கும் கயிறும் வலைக்கு இன்னொரு பிடிதான். கேஜ், டார்ச், மேலே மிதவை விடும் நூல்சுருள் எல்லாவற்றையும் உடம்போடு ஒட்டி மாட்டுங்கள். மலையேறுவோரின் காரபைனர் கொக்கி வேண்டாம். அதன் வாய் உள்பக்கமாகத் திறப்பதால் தங்கூசி தானாகவே உள்ளே புகுந்துகொள்ளும். விரலால் இழுத்தால் மட்டும் திறக்கும் போல்ட் ஸ்னாப் கொக்கி நல்லது. அதையும் இரும்பு வளையத்தால் கருவியோடு பிணைக்காதீர்கள். நைலான் நூலால் கட்டுங்கள். கொக்கி இறுகிப்போனால் நூலை அறுத்து விடுபடலாம், இரும்பை அறுக்க முடியாது.

என் தாத்தா 1961-ல் இங்கே நடந்த கடைசி முத்துக்குளிப்பில் இறங்கியவர். மூச்சை அடக்கிக் கல்லோடு இறங்குவார்கள். கல்லுக்கும் ஒரு கயிறு, சிப்பிப் பைக்கும் ஒரு கயிறு, மேலே படகில் அவற்றைப் பிடிக்க ஓர் ஆள். கட்டாத பொருள் கடலுக்குச் சொந்தம் என்று அவர் சொன்னதைச் சிறுவனாகக் கேட்டிருக்கிறேன். ஆனால் அவர் காலத்து வலை பருத்தி. அது கிடந்து மட்கிவிடும், நைலான் மட்காது. 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளில் அதை அள்ளப் போகிற நாமே டார்ச்சையும் கத்தியையும் தவறவிட்டு வருவது எனக்கு வலிக்கிறது.

ஒன்றை விட்டுவிட்டேன். துருப்பிடிக்காத எஃகு என்று எழுதியிருந்தாலும் கத்தி துருப்பிடிக்கும், உறைக்குள் இறுகியும்விடும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவுங்கள். இறங்குமுன் படகிலேயே ஒருமுறை உருவிப் பாருங்கள்.

பயிற்சி தருவோருக்கு ஒரு வேண்டுகோள். முகக்கண்ணாடியில் புகுந்த நீரை வெளியேற்றப் பழக்குவதைப்போல, கண்ணை மூடிக்கொண்டு இரு கைகளாலும் கத்திரியை எடுத்துத் திரும்பச் செருகுவதையும் முதலில் நீச்சல்குளத்தில் பழக்குங்கள். படத்தில் உள்ள அந்தத் தம்பி இதைப் படித்தால், அடுத்த முறை எங்கள் பக்கம் வலை அகற்ற வரும்போது படகு புறப்பட அரை மணி நேரம் முன்னதாக வரட்டும். நூலும் ஸ்னாப்பும் என் பையில் இருக்கும். நானே கட்டித் தருகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், தூத்துக்குடி