மணல் மூட்டையை இறக்கச் சொல்லும்மா

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். படகு இடப்பக்கம் நாலு விரலாவது தாழ்ந்துதான் நிற்கிறது. மாப்பிள்ளை வலப்பக்கம் மணல் மூட்டை போட்டுச் சரிக்கட்டிவிட்டதாகச் சொன்னாயே, முதலில் அதை இறக்கச் சொல்லு. ஏன் சாய்கிறது என்று தெரியாமல் எடை ஏற்றினால், பார்வைக்கு நிமிர்ந்திருக்கும். ஆனால் படகு மொத்தமாகத் தாழ்ந்துபோயிருக்கும்.

இது வாடைக்காலம், பாம்பன் வடகடலில் வைத்து ஒன்றும் பார்க்க முடியாது. தென்கடல் பக்கம் காற்றுப் படாத இடத்தில் மிதக்கவிட்டு வலை, ஐஸ் பெட்டி, டீசல் கேன், நங்கூரம் எல்லாவற்றையும் இறக்குங்கள். ஆளும் ஏறக் கூடாது. உள்ளே கிடக்கும் தண்ணீரை ஒட்ட இறைத்துவிட்டு, விளிம்பிலிருந்து தண்ணீர்மட்டம் வரை இரண்டு பக்கமும் கம்பு வைத்து அளந்து பாருங்கள்.

அளவு ஒன்றாக வந்தால் சாமான் வைக்கிற விதம்தான் காரணம். நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்கிறோம் என்பதும் கணக்கு. 1 அடி தள்ளி உட்கார்ந்த 60 கிலோ ஆளும், 2 அடி தள்ளி வைத்த 30 கிலோ ஐஸும் படகை ஒரே அளவுதான் சாய்க்கும்.

இன்னொன்று கேட்டுச் சொல்லு. எப்போதும் இடப்பக்கம்தானா, சில நேரம் வலப்பக்கமும் விழுகிறதா? மாறி மாறி விழுந்தால் அது ஒரு பக்கத்து எடையின் வேலை இல்லை. அடியில் தண்ணீர் அங்குமிங்கும் ஓடுகிறது, அல்லது பாரம் மேலே ஏறிக் கிடக்கிறது. அந்தப் படகில் மூட்டையைப் போட்டால், மூட்டை இருக்கும் பக்கமே திடீரென்று முன்னைவிட மோசமாகச் சாயும். எனக்குப் பயமே அதுதான்.

காலியாக இருந்தும் இடப்பக்கமே சாய்ந்தால், பெரும்பாலும் படகின் உடம்புக்குள் தண்ணீர் போயிருக்கும். பழைய ஃபைபர், மணலில் இழுத்து இழுத்து அடி தேய்ந்திருக்கும். கீறல் வழியாகப் போன தண்ணீரை உள்ளே அடைத்த ஃபோம் குடித்துவிடும், வாளிக்கு வராது. கரையேற்றித் தட்டிப் பாருங்கள். நல்ல பக்கம் டொங்கென்று கேட்டால், ஊறிய பக்கம் மொத்தென்று கேட்கும். காலையில் அடியில் கசிவு தெரிந்தால் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார். உப்புக் கரித்தால் அடியில் கீறலைத் தேடுங்கள். சப்பென்றிருந்தால் மேலே ஆணித்துளை வழியாக மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறது. இதை நீயே போய்ப் பார், மாப்பிள்ளைக்குப் பொறுமை கிடையாது.

கீறலுக்கு ஃபைபர் பூசுகிறவர் அன்றைக்கே முடித்துத் தருகிறேன் என்பார், விடாதே. ஈரத்தின்மேல் ரெசின், அதாவது ஃபைபரை ஒட்டவைக்கிற பசை, பிடிக்காது. துளை போட்டு வடியவிட்டு, நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகுதான் பூச வேண்டும். இந்த மழையில் நாளாகும், தொழில் கெடும்தான். செலவுக்கு வேண்டுமென்றால் கூச்சப்படாமல் கேள்.

அப்புறம், இதெல்லாம் நீயாக யோசித்ததாகவே அவரிடம் சொல்லு. மாமனார் சொன்னார் என்றால் மூட்டை இறங்காது.

அப்பா