கூட்டத்தில் சொன்னதும் அறையில் சொன்னதும்

கர்த்தருக்குள் அன்பான நண்பனுக்கு,

ஸ்தோத்திரம். இங்கே எல்லோரும் சுகம். தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாயிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் வந்து ஏழு மாதங்கள் ஆகிவிட்டன. "பல சபைகளைக் கண்காணிக்கும் பொறுப்புக்கு என்னைத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள், பயமாயிருக்கிறது, உன் மனத்தில் படுவதை ஒளிக்காமல் எழுது" என்று கேட்டிருந்தாய். நீ பொறுப்பேற்ற ஆராதனைக்கும் நான் வரவில்லை, பதிலும் போடவில்லை. அதற்காக நீ என்மேல் கோபப்பட்டிருந்தால் அது நியாயமே. பதில் எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். மூன்று முறையும் தாழ்மையைப் பற்றி ஒரு பிரசங்கம் வந்ததே தவிர உனக்கான கடிதம் வரவில்லை, கிழித்துப் போட்டேன். வேத பாடசாலையில் நம் பன்னிரண்டாம் அறையில் போர்வைக்குள் ஒளிந்துகொண்டு "இன்று ஜெபக்கூட்டத்தில் என்னைப் பேசச் சொல்லாதே" என்று கெஞ்சியவன் இன்று இத்தனை போதகர்களுக்கு மேற்பார்வையாளன் என்று நினைக்கும்போது எனக்கு வருகிற சந்தோஷத்தை மட்டும் முதல் வாரத்திலேயே எழுதி அனுப்பியிருக்கலாம்.

இப்போது எழுதுவதற்குக் காரணம், சென்ற மாதம் எனக்கு நேர்ந்த ஒரு காரியம். அதை உனக்குச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

எங்கள் சபையில் மூன்று ஆண்டுகளாக ஓர் உதவி ஊழியர் இருக்கிறார் என்று முன்பே எழுதியிருக்கிறேன். ஒரு நாள் நாங்கள் இருவரும் படுக்கையிலிருக்கும் ஒரு தாயாரைப் பார்த்து ஜெபிக்கப் போயிருந்தோம். புறப்படும்போது அவர்கள் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு காணிக்கைக் கவரை எடுத்து அவர் கையில் கொடுத்தார்கள். அவர் அங்கேயே ரசீது எழுதிக் கொடுத்துவிட்டு, கவரை என்னிடம் தந்தார். இரண்டு வாரம் கழித்து மூப்பர்கள் கூட்டத்தில் கணக்குப் பார்த்தபோது, ரசீது புத்தகத்தில் அந்தக் கார்பன் நகல் இருந்தது, அதற்குரிய பணம் வரவில் இல்லை. ஒன்பது மூப்பர்களுக்கு முன்பாக நான் அவரைப் பார்த்து, "தம்பி, பணம் எங்கே?" என்று கேட்டேன். "ஐயா, உங்களிடம் கொடுத்ததாக நினைக்கிறேன்" என்றார். "நினைக்கிறாயா? தேவனுடைய பணத்தில் நினைப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று நான் கேட்ட கேள்வியும், அதைக் கேட்ட என் குரலும் இன்னும் என் காதில் இருக்கின்றன. அவர் அதன்பின் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ரசீது புத்தகத்தை மூடி, அதன்மேல் பேனாவை நேராக வைத்துவிட்டு, கூட்டம் முடியும்வரை அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்கு நாள் கழித்து, நோயாளிகளைப் பார்க்கப் போகும்போது மட்டும் எடுத்துச் செல்லும் என் சிறிய கறுப்பு வேதாகமத்தைத் திறந்தேன். சங்கீதப் பக்கங்களுக்கு நடுவே அந்தக் கவர், ஒட்டினது ஒட்டினபடி இருந்தது.

அன்று மாலையே அவரை என் அறைக்கு அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அவரும் மனதார மன்னித்தார், சேர்ந்து ஜெபித்தோம். காரியம் முடிந்தது என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் சொன்னேன். அவள் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "குற்றம் சாட்டினது பத்துப் பேர் நடுவில், மன்னிப்புக் கேட்டது கதவைச் சாத்திக்கொண்டு. அந்த ஒன்பது பேர் மனத்தில் அவர் இன்னும் திருடன்தானே?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. உள்ளே போய் உட்கார்ந்தபோது, வேத பாடசாலையில் இஸ்ரவேலின் முதல் ராஜாவாகிய சவுலைப் பற்றி நீ செய்த பிரசங்கம் நினைவுக்கு வந்தது. நாங்கள் அதைச் சொல்லி எத்தனை வருடம் உன்னைக் கேலி செய்திருக்கிறோம்! ஆனால் அதில் நீ சொன்ன ஒன்று அன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை. சவுலும் "நான் பாவஞ்செய்தேன்" என்றுதான் சொன்னான், அவனுக்குப்பின் ராஜாவான தாவீதும் அதையேதான் சொன்னான். சவுல் அதோடு நிறுத்தாமல், 1 சாமுவேல் 15-இல், என் ஜனத்தின் மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று தீர்க்கதரிசி சாமுவேலிடம் கேட்டுக்கொள்கிறான். பாவத்தை ஒத்துக்கொள்ள அவனுக்குத் தடையில்லை. மூப்பர்களுக்குத் தெரிவதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. என் அறைக் கதவை நான் ஏன் சாத்தினேன் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதை என் மனைவியிடம்கூட மறுநாள்தான் சொன்னேன். அந்தக் கூட்டத்துக்கு முந்தின ஞாயிறு அந்தத் தம்பி பிரசங்கம் செய்தார். ஆராதனை முடிந்து வாசலில் நின்று கைகொடுத்தபோது, என்னைக் கடந்துபோன நாலைந்து பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைத் தேடிப் போனார்கள். சவுலுக்குத் தாவீதின்மேல் பொறாமை மூட்டின "சவுல் கொன்றது ஆயிரம், தாவீது கொன்றது பதினாயிரம்" என்ற பாட்டு எங்கள் ஆலய வாசலில் சத்தமில்லாமல் பாடப்பட்டது, எனக்கு மட்டும் கேட்டது. கூட்டத்தில் என் குரல் உயர்ந்ததற்குக் காணாமற்போன பணம் மட்டுமே காரணம் என்று நான் உனக்கு எழுதினால் அது பொய்.

அடுத்த மூப்பர் கூட்டத்தில் ஆரம்ப ஜெபம் முடிந்ததும் எழுந்து நின்று, கவர் எங்கே இருந்தது என்பதையும், நான் பேசினது தவறு என்பதையும், அந்தத் தம்பியின்மேல் குற்றம் ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லி, அவர்கள் எல்லோர் முன்பாகவும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்; நடந்ததை அப்படியே நடவடிக்கைக் குறிப்பில் எழுதும்படி செயலரைக் கேட்டுக்கொண்டேன். கூட்டம் கலைந்தபின் மூத்த மூப்பர் ஒருவர் என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போய், "ஐயா, இப்படிப் பேசினால் போதகருக்குச் சபையில் மதிப்பு இருக்காது" என்றார். அவர் என்மேல் உண்மையான அன்புள்ளவர், அதனால்தான் அந்த வார்த்தையை என்னால் தள்ளிவிட முடியவில்லை.

இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவின யோவான் 13-ஆம் அதிகாரத்தை நாம் எத்தனை முறை பிரசங்கித்திருக்கிறோம்! தொட்டியில் தண்ணீரும் துண்டுமே நம் கண்ணில் நிற்கின்றன. அதற்கு முந்தின வசனத்தை நான் அவசரமாய் வாசித்துக் கடந்திருக்கிறேன்: பிதா எல்லாவற்றையும் தம் கையில் ஒப்புக்கொடுத்தார் என்பதையும், தாம் தேவனிடத்திலிருந்து வந்து தேவனிடத்திற்கே போகிறார் என்பதையும் அறிந்துதான் இயேசு பந்தியைவிட்டு எழுந்திருக்கிறார். கழுவி முடித்தபின், நீங்கள் என்னைப் போதகர் என்றும் ஆண்டவர் என்றும் சொல்லுவது சரியே, நான் அவர்தான் என்கிறார். தம்முடைய அதிகாரத்தை அவர் மறுக்கவுமில்லை, மறைக்கவுமில்லை. தாம் யார் என்பது அவருக்கு அவ்வளவு நிச்சயமாய்த் தெரிந்திருந்ததால், தம்மைக் காட்டிக்கொடுக்கப்போகிற யூதாசின் பாதத்தைத் தொடுவதாலும் அவரிடமிருந்து எதுவும் குறைந்துபோய்விடவில்லை. சபையில் நமக்குள்ள மதிப்பை நாமே காவல் காக்க வேண்டியிருக்கிறது என்றால், அது தேவன் கொடுத்ததுதானா என்ற சந்தேகம் நமக்குள்ளேயே இருக்கிறது என்று தோன்றுகிறது. அந்த மூப்பரிடம் இதை இரண்டு நாள் கழித்துச் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

உன் பொறுப்பைப் பற்றிக் கேட்டாயே, அதற்கு வருகிறேன். கண்காணியைப் பற்றித் தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதிய அந்த நீண்ட வாக்கியத்தில், மேடையில் தெரியும் திறமை என்று சொல்லத்தக்கது "போதகசமர்த்தன்", அதாவது போதிக்கத் திறமையுள்ளவன், என்ற ஒரே வார்த்தைதான். மற்றவையெல்லாம் வீட்டிலும் பந்தியிலும் பணத்திலும் கோபத்திலும் தெரிகிறவை. தீத்துவுக்கு எழுதும்போதோ, கண்காணியைத் தேவனுடைய உக்கிராணக்காரன், அதாவது அவர் வீட்டுப் பொருளைக் கவனிக்கிறவன், என்று சொல்லி, தன் இஷ்டப்படி செய்யாதவன், முற்கோபமில்லாதவன் என்று அந்த இரண்டையும் முன்னால் வைக்கிறார். உன்னைத் தெரிந்துகொண்டவர்கள் உன் பிரசங்கத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்களா, உன் கோபத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்களா என்று எனக்குத் தெரியாது. உன் கோபம் எனக்குத் தெரியும், என் கோபம் உனக்குத் தெரியும். இனி உன்னைச் சுற்றி இருப்பவர்களுக்கு உன்னிடம் இடமாற்றமும் பரிந்துரையும் வேண்டியிருக்கும். அப்படிப்பட்டவர்கள் "ஐயா, அது தவறு" என்று சொல்லுவார்கள் என்று எதிர்பார்க்காதே. தாவீதின் பாவத்தை அவன் முகத்துக்கு நேரே சொன்ன தீர்க்கதரிசி நாத்தான் நேராக உள்ளே வந்து பேசும்படி தாவீதின் அரண்மனையில் வழி இருந்தது. உன் அலுவலகத்தில் அந்த வழி இருக்கிறதா என்று பார்.

பணத்துக்கு மட்டும் மனசாட்சியை நம்பாதே, முறையை வை. எருசலேமுக்குப் போகும் தர்மப்பணத்தைப் பவுல் தனியே எடுத்துப் போகவில்லை; ஒருவரும் குற்றப்படுத்தாதபடிக்குச் சபைகள் தெரிந்துகொண்டவர்களையும் கூட அனுப்புகிறார், கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுவதாக 2 கொரிந்தியர் 8-இல் காரணமும் சொல்லுகிறார். அமெரிக்க சுவிசேஷகர் பில்லி கிரகாமும் அவருடைய உடன் ஊழியர் மூவரும் 1948-இல் கலிபோர்னியாவின் மொடெஸ்டோ நகரில் உட்கார்ந்து, சுவிசேஷகர்களை வீழ்த்துகிறவை எவை என்று பட்டியலிட்டார்கள்: பணம், பாலியல் ஒழுக்கக்கேடு, உள்ளூர்ச் சபைகளைக் குறைசொல்லுவது, வந்தவர்களின் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லுவது. ஒவ்வொன்றுக்கும் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். நாங்களும் விழக்கூடியவர்கள் என்று விழுவதற்கு முன்பே ஒத்துக்கொண்ட அந்தத் தாழ்மை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. எங்கள் சபையிலும் இப்போது, வீடுகளில் வாங்கும் காணிக்கையை இருவர் சேர்ந்து எண்ணி, அன்றைக்கே பொருளாளரிடம் கொடுத்துவிட வேண்டும். அந்த இருவரில் போதகர் ஒருவராக இருக்கக் கூடாது.

ஆனாலும் என் மனத்தை இப்போது அதிகம் வருத்துவது அந்தக் கவர் அல்ல. 1910-இல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் இந்திய ஊழியர் வி. எஸ். அசரியா எழுந்து நின்று, ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், சுட்டெரிக்கப்பட உங்கள் உடலையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று மிஷனரிகளைப் பார்த்துச் சொன்னதை நாம் சபைச் சரித்திர வகுப்பில் பெருமையோடு படித்தோம். நாம் அப்போது அசரியாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். இன்று எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். மூன்று ஆண்டுகளில் அந்தத் தம்பிக்கு வேலை கொடுத்திருக்கிறேன், புத்தகம் கொடுத்திருக்கிறேன், அறிவுரை கொடுத்திருக்கிறேன். வேலை ஒன்றும் இல்லாமல் ஒரு மணி நேரம் அவரோடு உட்கார்ந்து பேசியதில்லை. மன்னிப்புக் கேட்ட அன்றுதான் அவருடைய தகப்பனார் காலமாகிப் பத்து மாதம் ஆகிவிட்டது என்பதே எனக்கு உறைத்தது. அடக்கத்துக்கு நான் போயிருந்தேன். அதற்குப் பிறகு ஒரு நாளும் அதைப் பற்றி அவரிடம் விசாரிக்கவில்லை. உனக்குக் கீழே எத்தனை போதகர்கள் இருக்கிறார்களோ, அவர்களில் எத்தனை பேர் வீட்டில் இப்படி ஒரு காரியம் இருக்கிறதோ, தயவுசெய்து அவர்களுடைய அறிக்கைகளை வாசிப்பதற்கு முன் அவர்களுடைய வீட்டுக்குப் போ.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது நீ எனக்கும் நான் உனக்கும், கோபத்தையும் பொறாமையையும் பற்றிக் கேள்வி கேட்டு எழுதுவோம், கேட்ட கேள்விக்கு மழுப்பாமல் பதில் போடுவோம். உன் பதவியைப் பார்த்து நான் பயப்பட மாட்டேன், பன்னிரண்டாம் அறையின் போர்வை இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. என் முதல் கேள்வி: பொறுப்பேற்றபின் யாரிடமாவது நேருக்கு நேர் மன்னிப்புக் கேட்டாயா? யாரிடம், எதற்காக என்று எழுது.

வருகிற ஞாயிறு அந்தத் தம்பி பிரசங்கம் செய்கிறார், நான் வேதபாடம் வாசிக்கிறேன். இத்தனை ஆண்டுகளில் இது தலைகீழாகத்தான் இருந்தது. எந்தப் பகுதியை வாசிக்க வேண்டும் என்று அவரிடம் இன்னும் கேட்கவில்லை. இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு, அப்படியே அவர் வீட்டுக்குப் போகிறேன்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல்.

கிறிஸ்துவுக்குள்,
உன் அறைத் தோழன்