ஆயிரம் கிலோமீட்டரும் ஒரு 'மெத்தன'மும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சரக்குகள் தாமதமாக வந்து சேர்வது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நடை அழகு, படங்களும் அழகு. நடுவில் ஒரே ஒரு வரி. ஒரு லாரி நாளொன்றுக்கு ஆயிரம் கிலோமீட்டர் தாராளமாகப் போகலாமாம்; போகாததற்கு ஓட்டுநர்களின் மெத்தனமும் ஒரு காரணமாம். கட்டுரையாளர் எந்த லாரியில் ஏறிப் பார்த்துவிட்டு இதை எழுதினாரோ, அதை எனக்கும் ஒருமுறை காட்டினால் புண்ணியமாகப் போகும்.

கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல. நம் நாட்டில் சரக்கு வண்டிக்கு உச்ச வேகம் 80. முள் 80-லேயே ஒட்டிக்கொண்டு நின்றாலும் ஆயிரத்துக்குப் பன்னிரண்டரை மணி நேரம் ஆகும். நடுவில் சிறுநீர் கழிக்கக்கூட இறங்கக் கூடாது. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே ஒரு நாள் வேலை 8 மணி நேரம் என்றது. தொலைதூரத் தடத்துக்கு அனுமதியோடு 10 வரை. எட்டு மணி நேரத்தில் ஆயிரம் என்றால் மணிக்கு 125. அப்படி ஓட்டினால் அடுத்த இதழில் எங்களைப் பற்றி வேறு மாதிரிக் கட்டுரை போடுவீர்கள்.

வெளிநாட்டைப் பார் என்பீர்கள். சரி, பார்ப்போம். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒருவர் ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் இடைவேளை கட்டாயம். கனரக லாரிகள் 90-ஐத் தாண்டாதபடி கருவி வேறு. பெருக்கிப் பாருங்கள், ஆயிரம் வராது. அமெரிக்காவில் 11 மணி நேரம் ஓட்டலாம்; அங்கிருக்கும் நெடுஞ்சாலையில் அந்த 11 மணி நேரமும் முழுசாக ஓட்டக் கிடைத்தால் ஆயிரத்தைத் தொடலாம்தான். கிடைத்தால்! வேலை தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள் அதை ஓட்டி முடித்தாக வேண்டும். லோடு ஏற்றுமிடத்தில் காக்க வைத்தால் அதுவும் பொதுவாக அந்த 14-லேயே கழிந்துபோகும்.

இந்தக் காக்க வைப்பதைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. தலை நரைக்கும்வரை ஸ்டீயரிங் பிடித்தவன் சொல்கிறேன், கேளுங்கள். ஒரு தொழிற்சாலை வாசலில் விடியுமுன் போய் வரிசையில் நிற்போம். வரிசை நகரும்போதெல்லாம் ஒரு வண்டி நீளம் முன்னே எடுக்க வேண்டும். கண் அயர்ந்தால் பின்னால் இருப்பவர் ஹார்ன் அடிப்பார், இல்லையென்றால் காவலாளி கதவைத் தட்டுவார். அப்புறம் எடைமேடை, பில், லோடு. தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டி முடிக்கையில் பொழுது சாய்ந்திருக்கும். உள்ளே இருக்கும் கழிப்பறை எங்களுக்கு இல்லை. கேட்டைத் தாண்டும்போது மீட்டரில் ஓடியது என்னவோ அரைக் கிலோமீட்டர்தான். அன்றைய உழைப்பு பாதி முடிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் உங்கள் ஆயிரம் தொடங்குகிறது!

காத்திருந்த நேரத்துக்கு எனக்கு யாரும் காசு கொடுத்ததில்லை. ஓடினால்தான் காசு. அதனால்தான் தூக்கத்தை விழுங்கிக்கொண்டு ஓட்டுகிறோம். சாலைப் பாதுகாப்புக்குக் கேடு வரும் வகையில் தூரத்தை வைத்துக் கூலி தரக் கூடாது என்று ஐரோப்பாவில் 2006-ஆம் ஆண்டு விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் கட்டுரையாளரோ தூரம் போதவில்லை என்கிறார். விபத்து நடந்தால் 'எமனாக வந்த லாரி' என்று தலைப்பு போடுவதும் நீங்கள்தான், எமன் ஏன் மெதுவாக வருகிறான் என்று கேட்பதும் நீங்கள்தான்.

வரி அதிகாரிகள் எவ்வளவோ தேவலை. வண்டியில் சரக்கோடு கொண்டுபோக வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில், சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் செல்லுபடியாகும். 2021-க்கு முன்னால் 100-க்கே ஒரு நாள் கொடுத்தார்கள். அவர்களுக்குத் தெரிகிறது, வண்டி வழியில் நிற்கும் என்று.

ஒற்றை ஓட்டுநர், முழு லோடு, டோல்கேட், ஏற்றம், ஊருக்குள் நுழைய நேரக் கட்டுப்பாடு, ராத்திரி வண்டியை ஓரங்கட்ட இடம் தேடி அலைவது, இத்தனைக்கும் நடுவில் 400, 500 போனாலே நல்ல ஓட்டம். சாலையும் நாளும் அமைந்தால் 600. அதற்கு மேல் வேண்டுமென்றால் இரண்டு ஓட்டுநர் போடச் சொல்லுங்கள். முதலாளிகள் என்ன சொல்வார்கள் என்று கட்டுரையாளரையே கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் அச்சகத்துக்குக் காகித ரீல் இறக்க வரும் லாரி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று வாசலில் இருக்கும் பதிவேட்டில் எழுதியிருக்கும். ஆசிரியர் இறங்கி வந்து பார்க்க நேரமிருக்காது, யாரையாவது அனுப்பலாம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் ஒரு ஓரத்தில், ஆயிரம் என்பதை 400 முதல் 600 என்று திருத்தி, 'மெத்தனம்' என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். போன முறை நான் எழுதிய நீண்ட கடிதத்தில் 'கட்டுரை அருமை' என்ற வரியை மட்டும் எடுத்துப் போட்டிருந்தீர்கள். இந்த முறை வெட்டுவதானால் முதல் பத்தியில் இருக்கும் பாராட்டை வெட்டிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாசகன், ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர்